ஒன்பது நாள் ஆறாத காப்பி

கோயம்புத்தூரிலிருந்து சத்தி ரோட்டில் வடக்கே போனால், பம்பு கம்பெனிகளெல்லாம் தீர்ந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் சாமியப்பா நகர் என்று ஒரே ஒரு தெரு உண்டு, இந்தப் பக்கம் பதினாலு அந்தப் பக்கம் பதினாலு என்று மொத்தம் இருபத்தெட்டு வீடு, அந்தத் தெருவில் மாசி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலையில் ஒன்பதாம் நம்பர் வீட்டில் காலிங் பெல் அடித்ததும், அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பால் பொங்கினபடியே நின்றுவிட்டது. அடுப்பு அணையவில்லை, பாலும் அடங்கவில்லை, பாத்திர விளிம்புக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக எழும்பி, வழியாமல் காத்துக்கொண்டு நின்றது. கீரைக்காரிக்குப் பதில் சொல்லிவிட்டுச் சிவகாமி திரும்பி வந்து சமையல்கட்டுக்குள் காலை வைத்ததும் புஸ்ஸென்று வழிந்தது. அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். பால் வழிவது ஒன்றும் புதிதில்லையே.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் இதே கதைதான். யார் பெல் சத்தத்துக்கு எழுந்து போனாரோ அவர் எதை விட்டுவிட்டுப் போனாரோ அது அவர் வரும்வரை நின்றது. குழாயில் விழுந்த தண்ணீர் குழாய்க்கும் குடத்துக்கும் நடுவில் நின்றது, குக்கரின் விசில் பாதிச் சத்தத்தில் நின்றது, பேசிக்கொண்டிருந்த பெண்டாட்டி திறந்த வாயோடு நின்றாள், திரும்பி வந்த புருஷன் எதிரே வந்து நின்றதும் விட்ட எழுத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டாள். நின்றவர்களுக்கு நின்றது தெரியாது, கண் இமைத்த நேரம்தான் அவர்களுக்கு. அட, இதென்ன கூத்து என்று ஒருவரும் ஓடவில்லை, கோயிலில் பூ போட்டுக் குறி பார்க்கவுமில்லை. அந்தத் தெருக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் மில்லிலும் ஃபவுண்டரியிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், மிஷின் ஒரு மாதிரி ஓடினால் அதற்குத் தக்கபடி தாங்கள் நிற்கக் கற்றவர்கள்.

புதன்கிழமைக்குள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்கும் நேரம் பார்த்து பக்கத்து வீட்டுக்காரியைப் பெல் அழுத்தச் சொல்லிவிட்டுப் போய் நிதானமாகக் குளித்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டாம் வீட்டு மனிதர் வீட்டுக்காரியிடம் திட்டு வாங்குகிற சமயமெல்லாம் கேட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார். குழப்பமும் இல்லாமலில்லை. சிவகாமி சீரியல் பார்த்து அழுதுகொண்டிருக்கும்போது பெல் அடித்து, போனவளிடம் மகளுக்கு வேலை கிடைத்த சேதியைச் சொன்னார்கள், சிரித்த முகமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தால் டிவி நகரவே மாட்டேனென்றது, அந்த நடிகையின் கண்ணீர் கன்னத்திலேயே நின்றது. அரை மணி நேரம் கழித்து, நடிகைக்கு என்ன துக்கம் என்பது நினைவுக்கு வந்து இவள் மூக்கை உறிஞ்சியதும்தான் கண்ணீர் கீழே இறங்கியது. டிவியில் கோளாறு என்று ஆளை வரச் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு வேண்டுமென்று முதலில் பேசியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மருதாசலம், பஞ்சாலையில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர், நேரம் கலைந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் நோட்டீஸ் அடித்து வீடு வீடாக ஒட்டினார்: பெல் அடித்தால் போகவேண்டும், போன இடத்தில் கதை பேசக்கூடாது, வந்த சேதியைக் கேட்டில் தொங்குகிற நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, சரிங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு உடனே உள்ளே திரும்பவேண்டும், எழுதினதை எல்லாம் சாவகாசமாக நாலு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பெல்லுக்குப் போய் நிற்கையில் இன்னொரு பெல் அடித்தால், கடைசியாக விட்டதற்கே முதலில் திரும்பி, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வரவேண்டும். இந்த விதி எப்படி வந்ததென்றால், பதினேழாம் வீட்டுக்காரர் முகச்சவரத்தை விட்டுக் கேட்டுக்குப் போய், கேட்டிலிருந்து பின்கதவுக்குப் போய், பின்கதவிலிருந்து நேரே சவரத்துக்குத் திரும்பிவிட்டதில், கேஸ் கொண்டுவந்த ஆள் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி கேட்டில் அரைநாள் நின்றார். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுவரை சாப்பாட்டு நேரத்தில் பெல் மெயினை அணைத்துவிடுவது. ஆனால் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டினால் மட்டும், சோற்றுக் கையோடு இருந்தாலும், யாரும் உட்கார்ந்திருக்கக்கூடாது, அது தீ விபத்துக்கு.

நோட்டீஸைப் படித்துவிட்டு நாலாம் வீட்டுத் துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவள் பிழைப்பே அதுதான். திருப்பூர் பின்னல் மிஷின்களுக்குள் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள், கெர்னல் எழுதுகிற வேலை. கம்ப்யூட்டர் ஓயாமல் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டேயிருக்கும், அந்த நேரத்தில் ஊசி ஒடிந்தது என்றோ நூல் தீர்ந்தது என்றோ மிஷினின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஒரு கம்பி வழியாக மணி அடிக்கும், அதற்கு இன்டரப்ட் என்று பேர். மணி கேட்டதும் செய்துகொண்டிருந்ததை அந்த நொடியிலேயே நிறுத்தி, கையில் வைத்திருந்த எண்களை ஒன்று விடாமல் பத்திரப்படுத்தி, எந்த மணிக்கு எந்த ஆள் என்ற பட்டியலைப் பார்த்து, அந்த ஆளை அனுப்பி, கேட்டாயிற்று என்று மணிக்குப் பதில் சொல்லி, பெரிய வேலையாக இருந்தால் அப்புறம் பார்க்கலாமென்று வரிசையில் போட்டுவிட்டு, வைத்த எண்களை வைத்த இடத்திலேயே எடுத்துக்கொண்டு, விட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும். இதைச் செய்கிற மேஸ்திரிதான் கெர்னல். நன்றாக நடந்தால், இடையில் ஒருத்தர் வந்துபோனது கணக்குப் போட்டவருக்கே தெரியாது.

தன் நேரத்தையும் அவள் அப்படித்தான் பழக்கியிருந்தாள். அவள் புருஷன் பூபதி, மெயின் ரோட்டில் கடை வைத்து எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டுகிறவர், காலையில் ஏழரை மணிக்கு இரண்டு பேருக்கும் அவர்தான் காப்பி போடுவார், டம்ளரை ஒரு முழ உயரம் தூக்கி ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றுவார், ஆற்றிக்கொண்டே பேசுவார். இவள் ஜன்னலோரத்து மேடையில் லேப்டாப்பை வைத்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ம் என்பாள், அப்பறம் பேசலாங்க என்பாள், சரிங்க என்பாள். அவள் கெட்டவளில்லை. நாலு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தது எதற்கும் அந்த வீட்டில் நாலு மணி வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குப் பெல் தொல்லை வேறு எந்த வீட்டைவிடவும் அதிகம். போன வருஷம் சங்கம் தெரு முழுக்கப் புது பெல் வைத்தபோது கம்பியை மிச்சம் பிடிக்கவேண்டுமென்று மருதாசலம் சொல்லி, பூபதிதான் இரண்டு வீட்டுக்கு ஒரு லைன் என்று இழுத்துக் கொடுத்தார். எந்தக் கேட்டில் அழுத்தினாலும் இரண்டு வீட்டிலும் அடிக்கும், இரண்டு பேரும் வெளியே வந்து எட்டிப் பார்த்து, நமக்கில்லை என்று ஒருத்தர் திரும்பிவிடவேண்டும். நாலாம் வீட்டோடு சேர்ந்தது ஐந்தாம் வீட்டு ரங்கநாயகி. அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள், விடிந்தால் பொழுது சாய்கிறவரை அவள் கேட்டில் ஆள். துளசிமணி ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுந்து போய் நமக்கில்லை என்று திரும்பி வந்தாள், காலையில் காப்பி வேளையில் அடித்த ஒவ்வொரு தடவையும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த பூபதி விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார், அவளும் விட்ட ம்மிலிருந்து தொடர்ந்தாள். இப்படியே மூன்று வாரம் சௌகரியமாகப் போனது.

நாலாவது வாரம் வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பெல் அடித்தது. பூபதி காப்பி ஆற்றிக்கொண்டே என்னமோ பேசிக்கொண்டிருந்தார், துளசிமணி வெளியே போனாள், மாவு வாங்க வந்த ஓர் அம்மாள் நின்றிருந்தாள். இவள் நமக்கில்லை என்று திரும்பும்போது அந்த அம்மாள் கூப்பிட்டு, அண்ணனுக்கு உடம்பு சுகமில்லீங்களா, நேத்தெல்லாம் கடை பூட்டிக் கிடந்துச்சே என்று கேட்டாள். நேற்று காலையில் பூபதி வழக்கம்போல டிபன் பாக்ஸோடு போனார், வழக்கம்போல இருட்டுமுன் வந்தார். துளசிமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே வந்தாள், இந்தத் தடவை லேப்டாப் பக்கம் போகாமல் அவருக்கு நேர் எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்து, நேத்து எங்கீங்க போனீங்க என்று கேட்டாள்.

அவர் நின்றுகொண்டேயிருந்தார். வலது கையில் டம்ளர் மேலே, இடது கையில் டவரா கீழே, நடுவில் ஒரு முழத்துக்குக் காப்பி, காப்பியிலிருந்து கிளம்பின ஆவி கிளம்பினபடி, வாய் பாதி திறந்தபடி. அடுத்த நொடி பேசிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, அவர் பேசவில்லை.

அன்று தெரு முழுக்க வந்து பார்த்தது. மருதாசலம் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, எந்த விதியை மீறினாயம்மா என்று விசாரித்தார், ஒன்றையும் மீறவில்லை என்று தெரிந்ததும் அவருக்கே கலக்கமாகப் போய்விட்டது. போன ஆள் திரும்பி வந்தாச்சு, நின்னது ஏன் நிக்குது என்று அவர் கேட்க, எனக்கென்னங்க தெரியும் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டாக்டர் வந்து நாடியைப் பிடித்தார், ஒரு துடிப்பு வந்திருக்கிறது அடுத்தது வரவேண்டியிருக்கிறது, இதை நோய் என்று எழுதமுடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பூபதியின் தங்கை ஈரோட்டிலிருந்து போன் செய்து அண்ணனைக் கேட்டபோது, காப்பி ஆத்திக்கிட்டு இருக்காரு என்று துளசிமணி சொன்னாள், அதில் பொய் ஒன்றுமில்லை.

மறுநாளிலிருந்து தெரு அவரையும் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. சங்கத்து வருகைப் பதிவேட்டில் மருதாசலம் அவர் பேருக்கு நேரே, வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதினார். கடை பூட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் எரிந்த மோட்டார்களை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள், ஒன்பது நாளில் பதினாலு மோட்டார் சேர்ந்தது. ரங்கநாயகி தினமும் காலையில் வந்து ஈரத்துணியால் அவர் தோளிலும் தலையிலும் தூசி துடைத்தாள். கையைச் சுட்டுக்கொண்ட ஒருத்தி அந்தக் காப்பி இன்னும் கொதிக்கிறது என்று தெருவெல்லாம் சொன்னாள்.

துளசிமணிக்குத்தான் வழக்கம் பிடிபடவில்லை. அவள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டாள், திருப்பூரில் ஒரு மிஷின் ஊசி ஒடிந்து ஒடிந்து சரியாகும்போதெல்லாம் பின்னலில் ஒரு கண்ணியைத் தவறவிடுகிறது, துணியில் ஓட்டை விழுகிறது, கெர்னலில் எங்கேயோ தப்பு என்று கம்பெனி போன் மேல் போன் போட்டும் எடுக்கவில்லை. அவளே கேட்டில் போய்ப் பெல்லை அழுத்தினாள், உள்ளே ஓடி வந்தாள், மறுபடி வெளியே போய் மறுபடி வந்தாள், ஒரு நாள் முழுக்க எண்ணி எழுபது தடவை போய் வந்து அவர் எதிரே நின்று முகத்தைப் பார்த்தாள். கெஞ்சினாள். நான்தான் வந்துட்டனுங்களே, அப்புறம் என்னங்க என்று கேட்டு அழுதாள். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று அரை அங்குலம் எட்டிப் பார்த்தது, அதை இழுத்தால் வரவில்லை, நின்றுபோன எதையும் யாராலும் அசைக்கமுடியாது.

எல்லாவற்றையும்விட அவளைக் குடைந்தது ஒன்றே ஒன்று. அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? வாய் நின்றிருந்த விதத்தைப் பார்த்தால் இனிமே என்ற சொல்லின் கடைசி. இனிமேல் என்ன? அதற்கு முன்னால் அவர் ஐந்து நிமிஷமாவது பேசியிருக்கிறார், அது அவளுக்கு நிச்சயம், காதில் சத்தமாக விழுந்தது நினைவிருக்கிறது, ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள், கனவில் வருமா என்று தூங்கிப் பார்த்தாள், பேச்சுக்குப் பதிலாக ஊசி ஒடிந்த மிஷினின் எண்கள்தான் வந்தன. என்ன சொன்னார் என்று தெரு கேட்டது, தங்கை கேட்டாள், டாக்டர் கேட்டார். வீட்டு விஷயம் என்று சொல்லிச் சமாளித்தாள், வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒன்பதாம் நாள் காலை ரங்கநாயகி தூசி தட்டிக்கொண்டிருந்தவள், துணியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“ஏன் கண்ணு, அண்ணன் ஆத்தற காப்பி நூல் புடிச்சாப்பல நேரா விழுகுமே, இதென்ன நெளிஞ்சு நெளிஞ்சு நிக்குது?”

துளசிமணி வந்து பார்த்தாள். டம்ளர் விளிம்பிலிருந்து டவரா வரைக்கும் அந்த ஒரு முழக் காப்பியில் மூன்று வளைவு இருந்தது, மூன்றாவது வளைவிலிருந்து ஒரு சொட்டு தனியாகக் கழன்று டவராவுக்கு வெளியே தரையைப் பார்த்து நின்றது. டவரா பிடித்த கையின் முழங்கையை அவர் இடுப்போடு இறுக்கி வைத்திருந்தார், கை நடுங்கி ஆடாமலிருக்கத்தான் அப்படி வைத்திருந்தார். அந்தப் புதன்கிழமை கடை ஏன் பூட்டியிருந்தது, பையில் இருக்கிறது எந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, இனிமேல் என்பதற்குப் பிறகு என்ன என்பதெல்லாம் அவளுக்குச் சேர்ந்தாற்போல் தெரிந்துவிட்டது. இரண்டு கையும் மயிரிழை பிசகாமல் இருந்தால்தான் காயில் கட்டமுடியும், அது அவளுக்குத் தெரியும். ஒன்பது நாளாக இந்தக் காப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கு முன்னால் எத்தனை நாள் இது இவள் முதுகுக்குப் பின்னால் நெளிந்து விழுந்ததோ. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ரங்கநாயகி அவளை அழட்டுமென்று விட்டாள். இவர்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே சமையல்கட்டு ஜன்னல் வைத்தவள் அவள், மனதில் இருந்ததை மறைக்கவும் தெரியாது.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காத துளசி. பதினேழு வருசமா உங்க ரெண்டு பேத்தையும் இந்த ஜன்னல்ல பாக்கறேன். அவரு பேசுவாரு, நீ அந்தப் பக்கம் திரும்பிட்டு ம் கொட்டுவே. அவரு மூஞ்சியப் பாத்துட்டு நீ நின்னதை இந்த ஒம்பது நாளாத்தான் பாக்கறேன்.”

சொன்னவள் மாவுக்கு ஆள் வந்ததென்று போய்விட்டாள். துளசிமணி கோபித்துக்கொள்ளவில்லை. சிவகாமியின் சீரியல் அவளுக்கு நினைவு வந்தது, சிரித்துக்கொண்டு திரும்பியவளுக்கு நகராத டிவி மூக்கை உறிஞ்சியதும் நகர்ந்தது ஏனென்று இப்போதுதான் மண்டையில் ஏறியது. திரும்பி வருவதென்றால் போனபோது எப்படி இருந்தோமோ அப்படியே திரும்பவேண்டும், கையில் இருந்தது கையிலும் மனதில் இருந்தது மனதிலுமாக. பன்னிரண்டு வருஷமாக மிஷினுக்கு அவள் எழுதிக்கொடுக்கிற பாடம் அது. அன்று வெளியே போனவள் வேறு ஒருத்தி, அவர் பேசுவதைக் கேட்காமல் முதுகைக் காட்டி நின்றவள். உள்ளே வந்தவள் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டவள், அழுகிறவள், கெஞ்சுகிறவள், இவளை அந்தக் காப்பிக்கு அடையாளமே தெரியவில்லை. பூபதி திரும்ப வேண்டுமென்றால் கேட்காத அந்தப் பொம்பளைதான் வந்தாகவேண்டும்.

இது நியாயமா என்று அவளுக்குப் புரியவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு தெரியாதவளாவது எப்படி, அக்கறை வந்த பிறகு அதை எங்கே கழற்றி வைப்பது, அப்படியே வைக்க முடிந்தாலும் அவர் சொல்லி முடிக்கும்போது அவள் காதில் விழுமா விழாதா? அன்று பூராவும் வாசலில் மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தாள். மருதாசலத்திடம் கேட்டாள், அவர் நோட்டீஸை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, இதுக்கு விதி எழுதலையம்மா என்றார்.

பத்தாம் நாள் காலை, அன்று போட்டிருந்த அதே நீலப் பூப்போட்ட நைட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள், அதே கிளிப்பைத் தலையில் குத்தினாள், அன்று இருந்தபடியே வலது செருப்பு மட்டும் போட்டு இடது செருப்பைக் காலால் துழாவுகிறபடி ஜன்னல் மேடைமுன் நின்றாள். லேப்டாப்பைத் திறந்தாள். சொல்லி வைத்தபடி ஏழு நாற்பதுக்கு ரங்கநாயகி பெல்லை அழுத்தினாள். துளசிமணி போனாள், கேட்டைப் பார்த்தாள், நமக்கில்லை என்றாள், திரும்பி வந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நடக்குமா? அவள் உடம்புதான் ஜன்னலைப் பார்த்தது, உயிர் முழுக்க முதுகில் இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், சொட்டு விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காது பின்னாலேயே போனது. வேறு வழியில்லாமல் எதிரே இருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள், திருப்பூர் மிஷினின் கெர்னல், ஊசி மணிக்குப் பதில் சொல்லப் போகிற பகுதி, முதலில் எழுத்தாகத்தான் தெரிந்தது, நாலாவது வரியில் ஏதோ உறுத்தியது, மேலே போய்ப் பார்த்தாள், கீழே வந்தாள், கையில் வைத்த எண்கள் எல்லாம் சரியாகப் பத்திரமாகின்றன, சரியாகத் திரும்ப எடுக்கப்படுகின்றன, பிறகு எங்கேதான் கண்ணி தவறுகிறது என்று நகத்தைக் கடித்தாள், இடது செருப்பைத் துழாவினாள், அட, இதோ. கம்பெனியில் யாரோ ஒரு நல்ல பிள்ளை, போன இடத்தில் கண்ணி எண்ணிக்கை அலங்கோலமாக இருக்கிறதென்று அதைத் துடைத்துப் பூச்சியமாக்கிச் சுத்தமாக வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறான், திரும்பி வந்த மிஷினுக்குத் தான் எத்தனையாவது கண்ணியில் இருந்தோம் என்று தெரியவில்லை. அந்த வரியை அழிக்கவேண்டியதுதான். அவளுக்கு உள்ளே ஜிலுஜிலுவென்றது, விரல் தானாக ஓடியது, பின்னால் யாரோ என்னவோ கேட்டதற்கு ம் என்றாள்.

ம் என்றவள் வரியை அழித்துவிட்டாள், சேமித்தும் விட்டாள். டவராவில் காப்பி விழுந்து நிறைந்த சத்தம் அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்து சேர்ந்தது.

“...கடையை மூடிடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?”

“சரிங்க” என்று அவள் வாய் சொல்லிவிட்டது. வாய்க்குப் பழக்கம் அது.

பின்னால் பூபதி சரி அம்மிணி என்று மெல்லச் சொல்லிவிட்டு, காப்பியை டம்ளருக்கு மாற்றி அதை மேடையில் அவள் பக்கத்தில் வைத்தார், வைக்கும்போது அது மேடையில் தடதடவென்று தட்டியது, எப்போதும் வைப்பதுபோலத்தான் வைத்தார். துளசிமணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஐம்பத்தொன்று. உயிர் போய் உயிர் வந்த புருஷனை, ஒன்பது நாள் அழுத பிறகும், முழுசாக மறக்க அவளுக்குப் பதினோரு நிமிஷம் போதுமாக இருந்திருக்கிறது. அவர் திரும்பி வந்ததற்கா இந்தப் பதினோரு நிமிஷத்துக்கா, எதற்காக அழுகிறோமென்று தெரியாமல் கண்ணீர் வந்தது.

திரும்பினாள். அவர் வாசல் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார், வாசலில் பதினாலு மோட்டார் நிற்பது அவருக்கு இன்னும் தெரியாது. போய்க் கையைப் பிடித்தாள். அது அவள் கைக்குள் நடுங்கியது, நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

“நான் கேக்கலீங்க” என்றாள். “இன்னிக்கு மட்டுமில்லீங்க. எப்பவுமே கேக்கலீங்க. மொதல்லருந்து சொல்லுங்க.”

பூபதி அவளைப் பார்த்தார். கண் இமைக்கிற நேரத்துக்கு முன்னால் சரிங்க என்று முதுகைக் காட்டிச் சொன்னவள் இப்போது எதற்கு அழுகிறாள் என்று அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவர் வாயைத் திறந்தார், அந்நேரம் பார்த்துப் பெல் அடித்தது. தெருவின் வழக்கப்படி இரண்டு பேருக்கும் கால் எழும்பியது. போனால் இது நின்றுவிடும், நின்றால் இதே முகத்தோடு, இதே கண்ணீரோடு, இதே பயத்தோடு திரும்பி வரவேண்டும், வரமுடியுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அவள் எழும்பின காலைக் கீழே வைத்தாள்.

“பெல் அடிக்குது அம்மிணி.”

“அடிக்கட்டுங்க.”

பெல் மறுபடி அடித்தது. போகாவிட்டால் என்ன ஆகுமென்று நோட்டீஸில் எழுதியிருக்கவில்லை, அந்தத் தெருவில் இதுவரை யாரும் போகாமல் இருந்ததுமில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது ஐந்தாம் வீட்டு வாசலில் ரங்கநாயகியின் குரல், நமக்குத்தான், நமக்குத்தான் என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு போனது.

பூபதி தன் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். “போன தீவாளியன்னிக்கு” என்று ஆரம்பித்தார், “மத்தாப்பு பத்த வெக்கலாம்னு தீக்குச்சியக் கிழிச்சனா...” அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் காப்பி ஆறத் தொடங்கியது.